பழைய காரில் புதுச் சத்தம்: இன்ஜினைப் பிரிக்கும் முன் செய்யும் தவறுகள்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலை சில கிலோமீட்டர்தான். ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடக் கறாரான பரிசோதகர் கிடையாது. கூடலூர் வரை வாய் திறக்காமல் வந்த மாருதி 800-ம் அம்பாசடரும் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தங்கள் குறைகளைச் சொல்லத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டது. சாலையில் ஓடுபவற்றில் ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது என்பதால், சத்தம் வருவதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அடுத்து நடப்பதில்தான். வண்டிக்காரர் நேராகப் பட்டறைக்குப் போய், இன்ஜின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகத்தைப் பெயர் சொல்லி, "அண்ணே, டப்பெட் அடிக்கிறது, செட் செய்துகொடுங்கள்" என்கிறார்.

முதல் தவறு அதுதான். நோயைச் சொல்ல வேண்டிய இடத்தில் மருந்தைச் சொல்லிவிட்டோம். மெக்கானிக்கும் கேட்டதைச் செய்து கொடுத்துக் கூலியை வாங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. சத்தம் எப்படி இருக்கிறது என்று வாயால் தட்டிக் காட்டுவதைவிட, எப்போது வருகிறது என்று சொல்வது பத்து மடங்கு பயன்படும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? ஏற்றத்தில் இழுக்கும்போதா, இறக்கத்தில் காலை எடுத்த பிறகா? நின்றபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வருகிறதா, ஓடினால் மட்டுமா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? இவற்றுக்குப் பதில் இருந்தால் பாதிப் பட்டறை வேலை வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். காலைக் குளிரில் மட்டும் வரும் சத்தத்தைக் காட்ட, முப்பது கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதில் பொருளில்லை. முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு வந்து, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே போடச் சொல்லுங்கள்.

சத்தம் இன்ஜினிலிருந்தா சக்கரத்திலிருந்தா என்று பிரிப்பது அடுத்த படி. நின்ற இடத்தில் இன்ஜினை உறுமவிட்டால் வருவது இன்ஜின் பக்கம். வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குவது வீல் பேரிங், டயர் அல்லது அச்சு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கடகடவென்றால் முன்சக்கர அச்சின் ஜாயின்ட்டைப் பாருங்கள். கியர் மாற்றும்போது அடியில் 'டங்' என்று இடித்தால், பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு (கிராஸ்) தேய்ந்திருக்கக்கூடும். கியரில் போடாமல் நிற்கும்போது கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங் மேல் சந்தேகம் விழுகிறது. மிதித்தால்தான் இரைகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

ஓடும் வண்டியை நியூட்ரலில் விட்டுக் கேட்கும் முறையும் உண்டு. அதைக் கூடலூர்–கம்பம் சமதளத்தில், பின்னால் வண்டி வராதபோது செய்யலாம். குமுளி இறக்கத்திலோ, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு இறக்கத்திலோ செய்வது அறிவீனம். கியர் பிடிப்பு போய்விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது; பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் இரண்டொரு மிதிக்குள் பிரேக் பூஸ்டரின் உதவியும் தீர்ந்துவிடும். எரிபொருள் மிச்சம் பிடிக்க இதைச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு வேறு சொற்கள் உண்டு, இங்கே அச்சேறாது.

டப்பெட்டுக்கு வருவோம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில் பாதிதான் சுற்றுகிறது. அதனால் உண்மையான டப்பெட் சத்தம் மெல்லிய 'டிக் டிக்'காக, இன்ஜின் துடிப்பைவிட நிதானமாகக் கேட்கும். இதே சாயலில் ஒரு போலி இருக்கிறது: புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு. குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக்கென்று அடித்து, இரும்பு சூடேறி விரிந்ததும் குறைந்துவிடும். இணைப்பருகே கரி படிந்த கறுப்புக் கோடு இருந்தால் கேஸ்கட்டே குற்றவாளி. இது தெரியாமல் டப்பெட்டைத் திரும்பத் திரும்ப இறுக்குகிறார்கள். சத்தமே வராத டப்பெட் நல்ல டப்பெட் என்ற எண்ணம் வேறு. டப்பெட்டில் விட வேண்டிய இடைவெளி அளவுக்கு மேல் குறைந்தால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. வெப்பம் வெளியேற வழியின்றி எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். லேசான சத்தத்தோடு இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டிய இன்ஜின், சத்தம் அடங்கிய பிறகு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றும் நிலைக்கு வருவது இப்படித்தான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து, அந்த வண்டிக்கான குறிப்பேடு சொல்லும் அளவில், அது சொல்லும் சூட்டில் வைக்க வேண்டும். காதால் வைப்பதல்ல.

ஆழத்திலிருந்து 'டொக் டொக்' என்று வரும் சத்தம் வேறு வகை. குளிரில் வந்து சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. உடனடி ஆபத்து குறைவு. சூடேறச் சூடேற வலுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும் நொடியில் தெளிவாகக் கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங். அதோடு ஓட்டுவது கிராங்க் ஷாஃப்ட்டைப் பணயம் வைப்பது. இங்கே நடக்கும் பெரிய ஏமாற்று, கெட்டியான ஆயிலை ஊற்றுவது. சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதற்காகவே குளிர்ந்த இன்ஜினைத் தாங்களே ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் ஓட்டி, மறுபடி நிறுத்திக் கேட்க வேண்டும். சூட்டில் ஆயில் விளக்கு மினுக்கினால் முதலில் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியென்றால், சுவிட்ச் கெட்டுவிட்டது என்று ஒயரைப் பிடுங்காமல், அழுத்தத்தைக் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள்.

மலைச்சாலையை ஒரு கருவியாகவே பயன்படுத்தலாம். நீண்ட இறக்கத்தைக் கியர் பிடிப்பில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் பின்னால் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து மறைகிறதா? வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் அல்லது அந்தத் தண்டு ஓடும் வால்வு கைடு. இறக்கம் முழுக்க, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இருந்த வெற்றிடம் ஆயிலை அந்த வழியாக இழுத்திருக்கிறது. ஏற்றம் முழுவதும் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். முதலாவது சில்லறைச் செலவு, இரண்டாவது 'இன்ஜின் வேலை'. பல வண்டிகளில் சில்லறைச் செலவுக்குப் பதில் முழு இன்ஜின் வேலை நடந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளக்காமல், சிலிண்டரைக் கடைந்து போர் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால் கூடுகிறதா? ரிங். கூடவில்லையா? வால்வு அல்லது கேஸ்கட்.

ஏற்றத்தில் கேட்கும் கண்ணாடிக்குண்டு உருட்டுகிற சத்தம் நாக்கிங். பெரும்பாலும் காரணம் வலது காலும் சோம்பேறி இடது கையும்தான். மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில் நான்கில் அழுத்துகிறோம். கியர் இறக்கியும் தொடர்ந்தால் இக்னிஷன் டைமிங், கரிப்படிவு, சூடேறுதல் என்ற வரிசையில் பாருங்கள்.

சூடேறுவதில் நம் பக்கத்துத் தவறுகள் தனி ரகம். குமுளி கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் இற்றுப்போனால் இந்தக் காப்பு முழுவதும் போய்விடும். ஆனாலும் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிறார்கள். அதைக் கழற்றினால் இன்ஜின் உரிய சூட்டை எட்டாது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும். சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொதிக்கும் இன்ஜினில் சில்லென்ற தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்று: தண்ணீர் முழுக்கக் காலியானால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், சூடு காட்டும் முள் கீழேயே காட்டக்கூடும். முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக ஓட்டிப் போகாதீர்கள்.

பருவமழையில் குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் போல வெளிறிய படலம் இருக்கும். உடனே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று தீர்ப்பு வந்துவிடும். பனியிலும் மழையிலும் கடைத்தெரு வரை மட்டும் ஓடும் வண்டியில், இன்ஜினுக்குள் குளிர்ந்து படியும் ஈரம் இப்படித்தான் தெரியும். டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் தேனி வரை ஒருமுறை நன்றாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். டிப் ஸ்டிக்கிலும் பால் நிறம் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. அதே ஈரம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளும் இறங்கும். காலையில் துடிப்பு தவறி மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியின் பானெட்டை இருட்டில் திறந்து வைத்துப் பார்த்தால், வெடித்த பிளக் ஒயரிலிருந்து நீலப்பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும். கார்புரேட்டரைத் தொடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஏற்றத்தில் நின்று, ஆறிய பிறகு கிளம்பும் வண்டிக்கு எல்லோரும் பானெட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுகிறார்கள். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருந்தால் அது சரியான வைத்தியம்தான். ஆனால் சூட்டில் செயலிழக்கும் இக்னிஷன் காயிலும் கன்டென்சரும் அதே நாடகத்தை ஆடும். நின்ற உடனே இன்ஜின் அணைந்த நிலையில் கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி த்ராட்டிலை அசையுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் ஆவி அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு, பொறியைத் தேடுங்கள்.

தோட்டத் தொழிலாளர்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப்புகளில் தட்டல் இயல்பு. எந்த சிலிண்டர் என்று அறிய, இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. பழைய பம்ப் வண்டிகளில் மட்டும், கையைப் பீய்ச்சலுக்குக் குறுக்கே கொண்டுபோகாமல், தெரிந்தவர் செய்யலாம். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்தும் காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஸ்டார்ட் செய்ததும் வீறிடுவது ஃபேன் பெல்ட். அளவுக்கு மீறி இறுக்கினால் சத்தம் போய், வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து கலகலப்பது தளர்ந்த சைலன்ஸர் தகடாக இருக்கலாம். கிளட்சை விடும்போது வரும் குலுக்கலுக்கு இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். இந்த மூன்றையும் கையால் தொட்டே சோதித்துவிடலாம், இன்ஜின் அணைந்திருக்கும்போது. ஓடும் இன்ஜினில் நீண்ட ஸ்க்ரூ டிரைவரைக் காதோரம் வைத்துக் கேட்பவர்கள் தோள்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனியுங்கள். ஃபேன் யாரையும் தெரிந்தவர் என்று விடாது.

பெட்ரோல் வாசனைக்கு மட்டும் இந்தக் கேள்வி பதில் எதுவும் பொருந்தாது. 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களை உப்பவும் வெடிக்கவும் வைக்கக்கூடும். வாசனை வந்தால் வண்டியை ஓரங்கட்டி அணைத்து, இறங்கி விலகி நின்று ஆளை அழையுங்கள். குழாயை மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கிளாம்ப்பையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள்.