கூட்டாகச் செய்யும் இயந்திரத்தின் இடைமுகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் இறுதியாண்டில் நான்கு பேர் சேர்ந்து நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உருளையையும் சல்லடையையும், ஒருவர் மோட்டாரையும், ஒருவர் சென்சார்களையும் கவனிக்க, நிரல் எழுதுபவர் கடைசி வாரத்தில் இரண்டு வரித் திரையும் நான்கு பொத்தான்களும் பொருத்தி, இயக்குபவர் பார்த்துத் தொட்டு இயக்கும் பகுதியான இடைமுகம் முடிந்தது என்கிறார். முதல் தவறு இதுவே. திரையில் எதைக் காட்ட வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சென்சார் தேவை என்பது தெரியவரும். பெட்டியை மூடிய பிறகு அதற்கு இடம் இருக்காது.

குழு வேலையைப் பிரித்துக்கொண்ட விதமே திரையிலும் வந்துவிடுவது அடுத்த தவறு. ‘மோட்டார்’, ‘சென்சார்’ என்ற பக்கங்கள் செய்தவர்களுக்குப் பொருள்படும். இயக்குபவருக்கு வேண்டியவை ஓட்டுவது, நிறுத்துவது, அடைப்பை எடுப்பது ஆகிய மூன்றே.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இயந்திரத்துக்கு இட்ட கட்டளையை அதன் நிலையாகக் காட்டுவது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, வால்வுக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மட்டுமே காட்டுவதாக அமைந்திருந்ததால், அது அணைந்ததைக் கண்டவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியேறியது, உலையின் மையம் ஓரளவு உருகியது. நம் கடலை இயந்திரத்திலும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்விசையான ரிலேவுக்குக் கட்டளை போனவுடன் ‘ஓடுகிறது’ என்று எழுதிவிடுகிறோம். பெல்ட் நழுவி உருளை நின்றிருந்தாலும் திரை அதையே சொல்லும். உருளைத் தண்டில் ஒரு காந்தமும் எதிரே காந்தத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்றும் வைத்து, தண்டு சுற்றும்போது அதிலிருந்து துடிப்பு வந்தால் மட்டும் அப்படிக் காட்டுவதே சரி.

பிழையை எண்ணால் அறிவிப்பதும் ஆபத்தானது. 1980களில் நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துச் சிலரின் உயிரைப் பறித்த தெராக்-25 சிகிச்சைக் கருவி ‘மால்ஃபங்ஷன் 54’ (கோளாறு 54) என்று மட்டும் காட்டியது. அத்தகைய செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போனதால், இயக்குபவர் ஒரு விசையைத் தட்டிச் சிகிச்சையைத் தொடர்ந்தார். ‘உருளை சுற்றவில்லை, மின்சாரத்தை அணைத்துவிட்டு அடைப்பை எடுக்கவும்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 16×2 எல்சிடியில் (வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் திரையில்) தமிழ் எழுத்துகள் இல்லை; நாமே வரைந்து சேர்க்கக்கூடியவையும் ஒரே நேரத்தில் எட்டுதான். அதனால் பலர் ஆங்கிலச் சுருக்கச் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு விளக்குகளும் பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஒட்டிய சீட்டுகளும் அதைவிடப் பயன்படும்.

அவசர நிறுத்தப் பொத்தானைத் தொடுதிரைக்குள் வைப்பதை மன்னிக்கவே முடியாது. அது மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழாக, கைக்கு எட்டும் இடத்தில், நிரலை நம்பாமல் மின்சுற்றை நேரடியாகத் துண்டிப்பதாக இருக்க வேண்டும். அதன் தொடுமுனை இயல்பில் மூடிய வகையாக, அதாவது அழுத்தாதபோது மின்சாரம் பாய்வதாக இருந்தால், கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். குமிழை விடுவித்தவுடன் மோட்டார் தானாக ஓடத் தொடங்கவும் கூடாது. மீண்டும் ‘ஓட்டு’ பொத்தானை அழுத்திய பிறகே ஓட வேண்டும்.

கடைசியாக, செய்தவர்களே சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைவது. குழுவில் இல்லாத ஒருவரிடம், முடிந்தால் கடலை உடைத்துப் பழகியவரிடம், ஒரு கூடைக் கடலையைக் கொடுத்து இயக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும்; சொல்லாமல், எந்தப் பொத்தானின் முன் விரல் தயங்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.