கீரை மறுநாளே அழுகுகிறதா? செய்யக்கூடாத தவறுகள்

பச்சையை மட்டும் பார்த்து வாங்குவது

தண்ணீர் தெளித்து வைத்தால் பழைய கீரையும் பளிச்சென்றுதான் தெரியும். தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். ஈரமாக, வெளிறி இருந்தால் அண்மையில் அறுத்தது. காய்ந்து பழுப்பேறியிருந்தால் பழையது. கட்டின் நடுவே விரலை விடுங்கள். உள்ளே பிசுபிசுத்தால் அந்தக் கட்டு வேண்டாம்.

ஈரத்தோடு அடைத்து வைப்பது

சமைக்கும்போது வேலை மிச்சம் என்று, வாங்கி வந்ததுமே மொத்தத்தையும் அலசி, இரண்டு உதறு உதறி, பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் பையின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கும். தொட்டால் இலை கூழாகக் கையோடு வரும். பழி விற்றவர்மேல் விழும். நல்ல கீரை இப்படிக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

இலைமேல் நிற்கும் ஈரத்தில்தான் அழுகச் செய்யும் பாக்டீரியா பெருகுகிறது. நசுங்கிய இலையின் சாறு அதற்குத் தீனி. ஒரு இலை குழைந்தால் அதை ஒட்டியிருப்பதும் குழையும்.

வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கயிறு அழுத்திய இடம் சீக்கிரம் கெடும். மஞ்சள் இலை, நசுங்கிய இலை, வேர் மண் எல்லாவற்றையும் நீக்குங்கள். கழுவ வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். மிகைஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், இலையும் காய்ந்து போகாது. துணி நனைந்தால் மாற்ற வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கழுவித்தான் வைப்பேன் என்பவர்கள், இலையும் தண்டும் சேரும் மூலையில்கூடத் துளி நீர் நிற்காதபடி பரப்பி உலர்த்த வேண்டும்.

ஆப்பிள், வாழைப்பழத்தோடு வைப்பது

அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும்.

நறுக்கிவிட்டுக் கழுவுவது

வெட்டிய இடம் வழியே வைட்டமின் சி நீரோடு போகும். அலசிய பிறகு நறுக்குங்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரைமேலேயே படியும்.

ஓட்டை இலையைக் கழிப்பது

தேவையில்லை. அடியில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பாருங்கள்.

வாடியதைத் தூக்கி எறிவது

வாடல் வெறும் நீரிழப்பு. தண்டு நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் 15 முதல் 20 நிமிடம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். குழைந்து நாற்றம் வந்தது தேறாது.