வேற்றுக்கோள் நாவலா? முதலில் சுவரைத் தேடுங்கள்

சொந்த உலகத்தை விட்டு இன்னொரு கோளுக்குக் குடிபோய், அங்கேயும் இரண்டாகப் பிரிந்து நிற்கிற மனிதர்களைப் பற்றிய அறிவியல் புனைவு நாவல்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவோம். நானும் இரண்டு தடவை அப்படி வைத்தவன்தான். வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்யப் பார்த்தேன், அதுதான் தப்பு. பெயர்கள் தானாக மனதில் ஏறும், விடுங்கள்.

தொடங்குவதற்கு உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய 'தி டிஸ்பொசஸ்ட்' போதும். உராஸ் வளமான கோள், அதில் பணக்காரர்களும் அரசுகளும் போர்களும் உண்டு. அதைச் சுற்றும் அனாரஸ் வறண்டு கிடக்கிறது. உராஸில் கலகம் செய்தவர்கள் அங்கே போய், அரசும் சொத்தும் இல்லாமல் ஏழு தலைமுறையாக வாழ்கிறார்கள். ஷெவெக் என்ற இயற்பியலாளர் அனாரஸிலிருந்து உராஸுக்குக் கிளம்புவதில் கதை ஆரம்பிக்கிறது.

முதல் பக்கத்திலேயே ஒரு சுவர் வரும். பெரிய ஆள் எட்டிப் பார்க்கலாம், குழந்தைகூட ஏறிவிடும், அவ்வளவுதான் உயரம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் விண்கலம் இறங்கும் திடலைச் சுவர் அடைத்து வைத்திருக்கிறது, அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அனாரஸ் முழுவதையுமே அடைத்து வைத்திருக்கிறது. இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, ஒரு தாளில் 'சுவர்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் யார் யாரை எதற்காகத் தடுக்கிறார்கள் என்று படும்போதெல்லாம் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சொத்தே இல்லாத ஊரில் சபூல் என்ற மூத்த அறிஞர் ஷெவெக்கின் ஆய்வில் தன் பெயரையும் ஒட்டிக்கொள்வார், அதுவும் அந்தத் தாளில் ஏறட்டும்.

அத்தியாயங்கள் 13. முதலும் கடைசியும் பயணம், நடுவில் இரட்டைப்படை எண்கள் அனாரஸில் ஷெவெக் வளர்ந்த கதை, ஒற்றைப்படை எண்கள் உராஸில் நடப்பவை. இது தெரியாமல் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போனால், கிளம்பிய மனிதர் திடீரென்று கைக்குழந்தையாக இருப்பதைப் பார்த்துக் குழம்பிவிடுவோம். கால வரிசைப்படி மாற்றிப் படிக்கலாமா என்றால், முதல் தடவை வேண்டாம். உராஸின் பளபளப்பான கடைத்தெருவில் ஷெவெக் மிரண்டுபோவார், இத்தனை பொருளையும் செய்த கைகள் எங்கே, விற்பவர்கள் மட்டும்தானே கண்ணில் படுகிறார்கள் என்று. எல்லாரும் கைவேலை செய்யும் ஊரை முன்பே பார்த்திருந்தால்தான் அந்த மிரட்சி நமக்கும் ஒட்டும்.

அப்புறம் மொழி. அனாரஸ்காரர்கள் பேசும் ப்ராவிக்கில் 'என்', 'என்னுடைய' என்பதைத் தவிர்ப்பார்கள். குழந்தை 'என் அம்மா' என்று தொடங்கினாலும் சீக்கிரம் வெறும் 'அம்மா' ஆகிவிடும், 'என் கை வலிக்கிறது' என்பது 'எனக்குக் கை வலிக்கிறது' ஆகிவிடும். ஆங்கில வாசகருக்கு இது விநோதமாகப் படும், நாமோ தினமும் அப்படித்தான் பேசுகிறோம்! அதனால் தமிழ்க்காரர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்பதற்கு 'நான் இதைப் பயன்படுத்துகிறேன், நீ அதைப் பயன்படுத்துகிறாய்' என்று சொல்வார்கள், அங்கேதான் நமக்கே கொஞ்சம் இடிக்கும்.

ஆசிரியர் யார் பக்கம் என்று தேடாதீர்கள். அனாரஸில் பஞ்சம் வரும் அத்தியாயங்கள் வந்ததும் அந்தக் கேள்வி தானாக விழுந்துவிடும்.

இது பிடித்தால், அதே ஆசிரியரின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பு 'ஃபோர் வேஸ் டு ஃபர்கிவ்னஸ்'. வெரெல் என்ற கோளும் அதன் குடியேற்றமான யியோவேயும், அடிமைகளைச் 'சொத்து' என்றே அழைக்கும் சமூகம். இதை அவசரமாகப் படிக்க முடியாது, ஒரு கதை முடிந்ததும் இரண்டு நாள் விடுங்கள்.

கொஞ்சம் புதிதாக வேண்டுமென்றால் சார்லி ஜேன் ஆண்டர்ஸ் 2019இல் எழுதிய 'தி சிட்டி இன் தி மிடில் ஆஃப் தி நைட்'. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு என்று இருக்கும் கோள். ஒரு நகரம் மணியடித்து எல்லாரையும் தூங்க வைக்கும், இன்னொன்றில் நேரக்கட்டுப்பாடே கிடையாது. அதில் 'முதலை' என்று வந்தால் நம்ம ஊர் முதலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். குடியேறியவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரை அங்கிருந்தவர்களுக்கு வைத்துவிட்டார்கள், அவர்கள் யார் என்று முக்கியப் பாத்திரமான சோஃபிதான் முதலில் தெரிந்துகொள்வாள்.