ஜப்பானில் கேள்வி கேட்கும்போது ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவராதீர்கள்

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர் ஆங்கில வழிப் புத்தகத்தை வைத்துத்தான் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் அது போதும். கேள்வி கேட்பதில் மட்டும் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். ‘வாட்’ என்றால் நனி, ‘ஹவ்’ என்றால் டோ, ‘வேர்’ என்றால் டொக்கோ என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் முதல் வாரமே தடுமாற வேண்டியிருக்கும். (இந்தக் கட்டுரையில் ஜப்பானியச் சொல்லில் வரும் ட-வை ‘டாக்டர்’ என்ற சொல்லின் முதல் ஒலிபோலப் படியுங்கள்.)

உங்கள் கருத்தைக் கேட்கும்போது ஜப்பானியர் ‘டோ ஒமொய்மஸ் கா’ என்பார்கள். ‘எப்படி நினைக்கிறீர்கள்’ என்பதுதான் அதன் அமைப்பு. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘வாட்’ வரும், தமிழிலும் ‘என்ன நினைக்கிறீங்க’ என்போம். அதனால் நம் வாயில் இயல்பாக ‘நனி’ வந்துவிடும். ‘டோ ஒமொய்மஸ் கா’ என்பதை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். இதே காரணத்தால்தான் அலுவலகத்தில் ஜப்பானிய நண்பர் ஆங்கிலத்தில் ‘ஹவ் டு யூ திங்க்’ என்று கேட்பார். அவர் கேட்பது உங்கள் கருத்தை. யோசிக்கும் முறையை விளக்க ஆரம்பிக்காதீர்கள்.

மருத்துவமனையிலும் இதே டோதான். ‘க்யோ வா டோ சரேமஷ்தா கா’ என்று மருத்துவர் ஆரம்பிப்பார். நம் ஊர் மருத்துவர் ‘என்ன செய்யுது?’ என்று கேட்கும் இடம் அது. ‘டோ’ காதில் விழுந்ததும் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து ‘கென்கி டெஸ்’ (நலமாக இருக்கிறேன்) என்று சொல்லிவிட வேண்டாம். தலைவலியா, காய்ச்சலா, எப்போதிலிருந்து என்று நேராகச் சொல்லுங்கள்.

தலைநகரைக் கேட்கும்போது ஜப்பானியர் இடத்தைத்தான் கேட்பார்கள்: ‘ஷுதோ வா டொக்கோ டெஸ் கா’, தலைநகர் எங்கே? முகவரிக்கும் அப்படியே, ‘ஜூஷோ வா டொச்சிரா டெஸ் கா’. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘வாட்’. குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பதால், இந்த இரண்டாவது கேள்வி சீக்கிரமே உங்கள் காதில் விழும். கவுன்டருக்குப் போவதற்கு முன் உங்கள் முகவரியை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

டொச்சிரா என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், அது நிறைய வேலை செய்கிறது. இரண்டில் எது என்று கேட்க டொச்சிரா. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் டொரே. மரியாதையாக ‘எங்கே’ என்பதற்கும் டொச்சிராதான். தொலைபேசியில் ‘டொச்சிரா-சமா டெஸ் கா’ என்றால் ‘நீங்கள் யார்’ என்று பணிவாகக் கேட்கிறார்கள். நம் வீடுகளிலும் போனை எடுத்ததும் ‘எங்கேயிருந்து பேசறீங்க?’ என்று கேட்டு ஆளைத் தெரிந்துகொள்கிறோமே, கிட்டத்தட்ட அதே மனசு. பெயரோடு கம்பெனி பெயரையும் சேர்த்துச் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு வசதி.

எண்ணிக்கையில்தான் தமிழருக்குப் பெரிய சலுகை. உணவகத்தில் நுழைந்ததும் ‘நன்மேய்-சமா டெஸ் கா’ என்பார்கள், எத்தனை பேர் என்று அர்த்தம். மாடிக்கு ‘நன்காய்’, ரயில் நடைமேடைக்கு ‘நன்பன்சென்’, மணிக்கு ‘நன்ஜி’. எல்லாவற்றிலும் அதே ‘நன்’. ஆங்கிலத்தில் ‘ஹவ் மெனி’, ‘விச்’, ‘வாட்’ என்று சொல் மாறிக்கொண்டே போகும். நமக்கு எத்தனை பேர், எத்தனாவது மாடி, எத்தனை மணி என்று ஒரே ‘எத்தனை’ போதும். விலைக்கு மட்டும் ‘இக்குரா’, வயதுக்கு ‘இக்குத்சு’.

‘எதுல வந்தீங்க?’ என்ற நம் கேள்விதான் ‘நனி டெ கிமஷ்தா கா’. நம் ‘ல’ நிற்கும் இடத்தில் அவர்களுடைய ‘டெ’. ஆங்கிலத்து ‘ஹவ்’ வழியாகப் போனால் இது பிடிபடாது. ஆனால் அதை ‘நன்டெ’ என்று சுருக்கிச் சொன்னால் ‘ஏன்’ என்றும் அர்த்தம் வரும். ‘ஏன் வந்தீங்க’ என்று கேட்டதுபோல ஆகிவிடலாம். அதனால் வண்டியைக் கேட்கும்போது ‘நனி டெ’ என்று முழுசாகவே சொல்லுங்கள். ஒரு பொருளின் பெயரைக் கேட்க ‘நன் தோ ஈமஸ் கா’, அதாவது ‘என்ன என்று சொல்வார்கள்’. இந்த ‘தோ’ நம் ‘என்று’ செய்யும் வேலையைச் செய்கிறது. கடையில் புதுக் காயையோ மசாலாவையோ கையில் எடுத்துக் காட்டி இப்படிக் கேட்கலாம்.

இன்னொரு அழகான ஒற்றுமையும் இருக்கிறது. கேள்விச் சொல்லோடு ஒரு சின்ன ஒட்டைச் சேர்த்தால் வேறு சொல் கிடைத்துவிடும். டரே என்றால் யார். டரேகா என்றால் யாரோ, யாராவது. ‘டரே மோ இமசென்’ என்றால் யாரும் இல்லை. ‘டரே டெமோ’ என்றால் யார் வேண்டுமானாலும். நனிகா ஏதாவது, டொக்கோகா எங்கேயாவது. கேள்விச் சொல்லை வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டியதும் இல்லை. தமிழில் எங்கே வைப்பீர்களோ பெரும்பாலும் அங்கேயே வையுங்கள். ‘வரலையா?’ என்றால் ‘ஆமா, வரல’ என்று நாம் சொல்வதுபோலத்தான் அவர்களும் ‘ஹாய்’ (ஆமாம்) சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘நோ’ சொல்ல வேண்டிய இடம் அது. கூட்டங்களில் இந்த ஒன்றில் குழப்பம் வந்தால் வேலையே மாறிப்போகலாம், கவனம்.

அவசரத்துக்கு 119 அழைத்தால் முதல் கேள்வியில் கேள்விச் சொல்லே இருக்காது: ‘கஜி டெஸ் கா, க்யூக்யூ டெஸ் கா’. தீயா, ஆம்புலன்ஸா? நம் ‘ஆ’ வரும் இரண்டு இடத்திலும் அவர்களுடைய ‘கா’. உடம்பு சரியில்லை, அடிபட்டது என்றால் ‘க்யூக்யூ டெஸ்’ என்று சொல்லுங்கள். அப்புறம் இடத்தைக் கேட்பார்கள். அதனால் அந்த முகவரித் தாளின் இன்னொரு பிரதியை வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். போலீசுக்கு எண் 110.