'டேஞ்சர்', 'டேஞ்சரஸ்': எங்கே எது வரும்?

'ரொம்ப டேஞ்சர்' என்று தமிழில் சொல்லிப் பழகிய நாக்கு, ஆங்கிலம் பேசும்போதும் 'இட் இஸ் வெரி டேஞ்சர்' என்றே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டேஞ்சர்' பெயர்ச்சொல். 'வெரி' அதன் முன் வராது. 'இட் இஸ் வெரி டேஞ்சரஸ்' என்பதே சரி.

தமிழில் 'அது ஆபத்து', 'அது ஆபத்தானது' இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் என்பதால்தான் இந்தக் குழப்பம். சொல்ல நினைப்பதை 'ஆபத்தான', 'ஆபத்தானது' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடாமல் மாறினால் 'டேஞ்சரஸ்' போடுங்கள்.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது, ஏனென்றால் பொருளையே தலைகீழாக்கிவிடும். 'ஹி இஸ் டேஞ்சரஸ்' என்றால் அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து. 'ஹி இஸ் இன் டேஞ்சர்' என்றால் அவருக்கே ஆபத்து. உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசும்போது முதலாவதைச் சொன்னால், காப்பாற்றப்பட வேண்டியவரைக் கண்டு மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இரண்டையும் கலந்து 'இன் டேஞ்சரஸ்' என்பதும், நடுவே 'எ' நுழைத்து 'இன் எ டேஞ்சர்' என்பதும் தவறு.

இந்த 'இன்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'டேஞ்சர்' ஆண்டையின் அதிகாரத்தைக் குறித்தது. மூலம், தலைவன் எனப் பொருள்படும் லத்தீன் சொல். ஒருவரின் 'டேஞ்சருக்குள்' இருப்பது என்றால் அவர் பிடியில் இருப்பது. நோயாளி அந்தப் பிடியிலிருந்து மீண்டுவிட்டால் 'அவுட் ஆஃப் டேஞ்சர்'.

என்ன நேரப்போகிறது என்று சேர்க்க வேண்டுமானால், 'ஆஃப்' போட்டு வினையை 'இங்' விகுதியோடு எழுதுங்கள்: 'தி வால் இஸ் இன் டேஞ்சர் ஆஃப் கொலாப்ஸிங்', அதாவது சுவர் இடிந்து விழக்கூடும். இங்கே 'டு கொலாப்ஸ்' வராது. யாருக்கு ஆபத்து என்று சொல்ல, பெயர்ச்சொல்லுக்குப் பின் 'டு' போடுங்கள்: 'எ டேஞ்சர் டு சில்ட்ரன்'. 'டேஞ்சரஸ்' என்றால் 'ஃபார்', 'டு' இரண்டும் பொருந்தும்.

'ஆபத்துக்கு உள்ளாக்கு' என்ற வினைக்கு 'என்டேஞ்சர்'. அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் 'என்டேஞ்சர்டு'. 'டேஞ்சரஸ் அனிமல்' தாக்கக்கூடிய விலங்கு. 'என்டேஞ்சர்டு அனிமல்' நாம் காக்க வேண்டிய விலங்கு. புலி இரண்டும்தான்.

'ரிஸ்க்' வேறு. அது நாம் தெரிந்தே எடுப்பதாகவும் இருக்கலாம், அதனால் 'டேக் எ ரிஸ்க்' உண்டு. 'டேக் எ டேஞ்சர்' கிடையாது.

எச்சரிக்கைப் பலகைகளையும் லேபிள்களையும் மொழிபெயர்ப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தில் 'டேஞ்சர்' என்றால், தவிர்க்காவிட்டால் மரணமோ கடுமையான காயமோ நேரும். 'வார்னிங்' என்றால் அவை நேரக்கூடும். 'காஷன்' என்றால் சிறிய அல்லது மிதமான காயம் நேரக்கூடும். ரசாயன லேபிள்களுக்கான உலகளாவிய முறையில் 'டேஞ்சர்', 'வார்னிங்' என்ற இரண்டு சொற்களே உண்டு. அங்கும் முதலாவதே கடுமையானது. எல்லாவற்றுக்கும் 'எச்சரிக்கை' என்று எழுதினால் இந்தப் படிநிலை அழிந்துபோகும். 'டேஞ்சர்' என்பதற்கு 'அபாயம்', 'வார்னிங்' என்பதற்கு 'எச்சரிக்கை', 'காஷன்' என்பதற்கு 'கவனம்' என்று வைத்துக்கொண்டு, ஒரே ஆவணத்துக்குள் மாற்றாமல் எழுதுங்கள்.