நாலு இடத்துல வேலை பார்த்தவங்க பென்ஷனை ஒண்ணு சேர்க்கிறது எப்படி?

சின்ன வயசுல மதுரை மஹால் பக்கம் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டினேன். பிறகு ஸ்பின்னிங் மில்லுல கோன் வைண்டிங். அப்புறம் ஜெய்ஹிந்துபுரத்துல அப்பளம், கொஞ்ச நாள் தையல், கடைசியா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆயா. இப்ப வீட்டுல உட்கார்ந்து பூக்கட்டுறேன். இத்தனையில பி.எஃப். பிடிச்சது மில்லும் ஆஸ்பத்திரியும்தான். அந்த ரெண்டையும் சேர்த்துத்தான் எனக்கு பென்ஷன் வருது.

பி.எஃப். வேற, பென்ஷன் வேற. நம்ம சம்பளத்துல பிடிக்கிறது முழுக்க பி.எஃப்.ல சேரும். முதலாளி கட்டுற பங்குல இருந்து, நம்ம சம்பளத்துல 8.33 சதவீத அளவு பென்ஷனுக்குப் போகும். இந்த பென்ஷன் 1995 நவம்பர்ல வந்த திட்டம். 10 வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல பென்ஷன் உண்டு. அந்த 10 வருஷமும் ஒரே கம்பெனியில இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இது தெரியாமத்தான் பாதிப்பேர் விட்டுடுறாங்க.

மில்லுல நான் ஏழு வருஷம். நின்னப்போ கூட இருந்தவங்க எல்லாரும் 10-சி ஃபாரம் போட்டு அந்த பென்ஷன் பணத்தை எடுத்தாங்க. ஒருத்திக்குப் பிள்ளை காதுகுத்து, ஒருத்திக்கு வட்டிக்கடன். அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அதே 10-சி ஃபாரத்துல, பணத்துக்குப் பதிலா ஸ்கீம் சர்டிபிகேட் கேட்கலாம், அதாவது நாம பார்த்த சர்வீஸைக் குறிச்சுத் தர்ற சான்று. யூனியன்காரர் ஒருத்தர் சொன்னார், கேட்டு வாங்கி ட்ரங்குப் பெட்டியில போட்டேன். பணமா எடுத்தா அந்த வருஷம் கணக்குல இருந்து போயிடும். சர்டிபிகேட்டா வாங்கினா நிக்கும்.

இப்ப சேருறவங்களுக்கு யு.ஏ.என்.னு, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத ஒரே பி.எஃப். நம்பர் இருக்கு. புது இடத்துல பழைய நம்பரையே கொடுங்க, இன்னொண்ணு போட விடாதீங்க. பழைய கணக்கை ஆன்லைன்லயே மாத்திக்கலாம். வேலையை விட்ட தேதியைப் பழைய முதலாளி பதியலைன்னா, கடைசியாப் பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே பதியலாம்.

இனி பேர் விவகாரம். நம்ம பக்கம் இதுதான் பெரிய தலைவலி. மில்லுல பள்ளிக்கூட டி.சி.யைப் பார்த்து அப்பா இனிஷியல் போட்டாங்க. ஆஸ்பத்திரியில வீட்டுக்காரர் இனிஷியல். ஆதார்ல அந்த இனிஷியலை விரிச்சு முழுப் பேரா வச்சிருக்கு. கம்ப்யூட்டருக்கு நான் மூணு பொம்பளை! இதைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன்னு ஒரு திருத்த விண்ணப்பம் கொடுக்கணும். சிலருக்கு அதுக்கு முதலாளி ஒப்புதலும் வேணும். அதனால வேலையில இருக்கும்போதே முடிச்சிடுங்க. நின்ன பிறகு போனா வாசல்ல காக்க வைப்பாங்க. டி.சி., கல்யாணப் பதிவுச் சான்று, ஆதார் மூணையும் கையில வச்சுக்கங்க. பி.எஃப். ஆபீஸ்காரங்க மாசாமாசம் 27-ஆம் தேதி நடத்துற குறைதீர் முகாம்லயும் கேட்கலாம்.

58 ஆனதும் பென்ஷன் கேட்டு 10-டி ஃபாரம் போடணும். வீட்டுக்காரரோட சேர்ந்து எடுத்த போட்டோ, பேங்க் பாஸ்புக், வயசுச் சான்று, அசல் ஸ்கீம் சர்டிபிகேட் எல்லாம் வேணும். 50 வயசுக்கு மேலயே கேட்கலாம், ஆனா 58-க்குக் குறையுற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. வீட்டுல முடை இல்லைன்னா பொறுங்க.

எவ்வளவு வரும்? கடைசி 60 மாசச் சம்பளத்தோட சராசரியை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். சராசரி 6,300, சர்வீஸ் 16 வருஷம்னு வச்சுக்கங்க: 1,440 ரூபாய். கொஞ்சம்தான். ஆனா யார்கிட்டயும் கேட்டு வாங்குற காசில்ல.

ஆயுசு முழுக்க பி.எஃப். இல்லாத வேலைதான்னா, பென்ஷனுக்கு, 60 வயசு ஆகுறதுக்குள்ள அரசோட தொழிலாளர் நலவாரியத்துல பதிஞ்சு, குறிச்ச காலத்துல புதுப்பிச்சுட்டு வாங்க. தையலுக்குத் தனி வாரியமே இருக்கு.

பென்ஷன் வர ஆரம்பிச்சா வருஷத்துக்கு ஒருதடவை உயிர்ச்சான்று கொடுக்கணும். தபாலாபீஸ்லயோ இ-சேவை மையத்துலயோ கைரேகை வைக்கலாம். அப்பளம் தேய்ச்ச விரல்ல எனக்கு ரேகை விழலை. பேரன் போன்ல ஆப்பைப் போட்டு முகத்தைக் காட்டச் சொன்னான், அதுல முடிஞ்சது.