பெரிய கண்ணாடிப் போத்தல் வேண்டப் போறீங்களா? நான் விட்ட பிழையள நீங்க விடாதீங்கோ

கோவா மலிஞ்ச கிழமையில தான் எல்லாருக்கும் கிம்ச்சி, அது தான் மரக்கறிய உப்புப் போட்டுப் புளிக்க வைக்கிற கொரியன் ஊறுகாய், ஞாபகம் வரும். ரெண்டு கிலோ வேண்டி, வெட்டி, உப்பும் பிசைஞ்சாச்சு, அதுக்குப் பிறகு தான் இத எதுக்குள்ள போடுறது எண்டு யோசிச்சு, வீட்டில கிடக்கிற ஜாம் போத்தல் எல்லாத்தையும் அளந்து பாத்து, கடைசியா அரக்கப்பறக்கக் கொழும்பு பெட்டாச் சந்தைக்கு ஓடுறது. நானும் அப்பிடி ஓடின ஆள் தான். இதுவரைக்கும் நாலு பெரிய போத்தல் வேண்டியிருக்கிறன், ரெண்டு உடைஞ்சுது, ஒண்டுக்குள்ள பருப்பு இருக்கு, மற்றது மட்டும் தான் வேண்டின வேலைக்கு நிக்குது.

முதல் பிழை, ஆகப் பெருசா வேண்டுறது. 5 லீற்றர் போத்தல் கடையில பாக்க வடிவா இருக்கும், ஆனா கொழும்பில நீங்க ஒண்ட மறக்கக் கூடாது, கோவா புளிக்கிற ரெசிப்பியள் கனக்க 18 - 22 பாகை குளிருக்கு எழுதினது, அங்க மூண்டு நாலு கிழமை மேசையில வச்சிருக்கலாம். எங்கட குசினி பின்னேரம் 30 பாகை. நாலஞ்சு நாளில புளிச்சு, விட்டா கோவா தொளதொளத்துப் போகும், அதால கெதியா பிரிட்ஜுக்குள்ள வைக்கோணும். என்ட 5 லீற்றர் போத்தல் பிரிட்ஜ் தட்டு ரெண்டுக்கும் இடையில நிக்கேல்ல, சரிச்சுப் படுக்க வைக்கவும் ஏலாது, ராத்திரி பத்து மணிக்கு நிண்டு ஆறு ஜாம் போத்தலுக்குள்ள மாத்தினன், பிறகு என்னத்துக்கு அவ்வளவு பெரிய போத்தல்? அதோட தண்ணி மட்டுமே 5 கிலோ, கண்ணாடிப் பாரமும் சேத்தா ஈரக் கையோட தூக்கிப் பாருங்கோ விளங்கும். கடைக்குப் போக முதல் பிரிட்ஜ் தட்டிட உயரத்த டேப்பால அளந்து போனில எழுதிக் கொண்டு போங்கோ. ஒரு கிலோ கோவாக்கு 20 கிராம் உப்புப் போட்டு வடிவா பிசைஞ்சு அமத்தினா, ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தான் வரும், மேல நாலஞ்சு சென்ரிமீற்றர் வெறுமையா விடோணும், ஏனெண்டா புளிக்கேக்க பொங்கும். ரெண்டு கிலோவுக்கு 3 லீற்றர் காணும். 5 லீற்றர்ல ஒண்டு வேண்டுற காசுக்கு 3 லீற்றர்ல ரெண்டு பாருங்கோ, ஒண்டு பழுதாப் போனாலும் மற்றது மிஞ்சும்.

அடுத்தது வாய். போத்தல்ட வயித்தப் பாத்து வேண்டுறோம், வாயப் பாக்கிறதில்ல. உங்கட கை முட்டி மடக்கி உள்ள போய் வெளிய வரோணும், இல்லாட்டி கோவாவ அமத்தவும் ஏலாது, அடியக் கழுவவும் ஏலாது. கழுத்து ஒடுங்கின பெரிய போத்தல் வைனுக்குச் சரி, மரக்கறிக்கு வேண்டாம். போன முறை கடைக்கார நானாட்ட "நானா, கை விட்டுப் பாக்கட்டா" எண்டு கேட்டன், "பாருங்க தங்கச்சி, உடைஞ்சாக் காசு" எண்டு சிரிச்சார். கை போச்சுது. பிறகு நகத்தால விளிம்பச் சுத்தி இழுத்துக் கொண்டு வந்தன், விலை ஸ்டிக்கர் ஒட்டின இடத்தில நகம் டக்கெண்டு தடக்குப்பட்டுது. ஸ்டிக்கர உரிச்சா அரைப் பயறு அளவில ஒரு சின்னத் துண்டு பெயர்ந்திருக்கு. கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்ல, நகத்துக்குத் தான் தெரிஞ்சுது. அந்த இடத்தில மூடி சரியா இருக்காது, வெடிப்பும் அங்க இருந்து தான் தொடங்கும். நானா ஒண்டும் சொல்லாம வேற ஒண்ட எடுத்துத் தந்தார். வெளிச்சத்துக்குப் பிடிச்சும் ஒருக்காப் பாருங்கோ, சின்னக் காத்துக் குமிழ் ஒண்டு ரெண்டு இருந்தாப் பறவாயில்ல, மயிர்க்கோடு மாதிரி இருந்தா வைச்சிட்டு வாங்கோ.

மூடி தான் கதையிலேயே பெரிய கதை. புளிக்கேக்க காபனீரொட்சைட்டு வரும், அதுக்குப் போக வழி வேணும். நான் முதல் வருசம் சதுரப் போத்தல் ஒண்டில இஞ்சி பியர் போட்டு, மூடிய இறுக்கி, ஊருக்குப் போட்டு மூண்டாம் நாள் வந்து கதவத் திறந்தா குசினி முழுக்க இஞ்சி மணம், சீலிங்ல ஒட்டிக் கொண்டு இஞ்சித் துண்டு, கண்ணாடி அடுப்புக்குக் கீழயும் அலுமாரிக்குப் பின்னாலயும் போய், ஒரு மாசம் கழிச்சும் விளக்குமாத்தில வந்து கொண்டிருந்துது. வீட்டில ஆள் இல்லாதது புண்ணியம். தட்டைப் பக்கம் உள்ள சதுரப் போத்தல் உள்ளுக்குள்ள வாற அழுத்தத்த உருண்டைப் போத்தல் மாதிரித் தாங்காது, ஆனா உருண்டையா இருந்தாலும் சாமான் போட்டு வைக்கிற போத்தல் அதுக்கெண்டு செய்தது இல்ல. இஞ்சி பியருக்கு பழைய சோடாப் போத்தல் தான் சரி, அது காஸத் தாங்கச் செய்த தடிச்ச கண்ணாடி, அதையும் பதமா வந்த உடன பிரிட்ஜுக்குள்ள வைக்கோணும்.

கோவாக்கு மூடிய அரைச் சுத்து மட்டும் சுத்தி விடுங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு நாளும் ஒருக்காத் திறந்து காஸ விடுங்கோ. எனக்குப் பிடிச்சது பிளாஸ்டிக் மூடியில ஓட்டை போட்டு, மீன்தொட்டிக் கடையில விக்கிற மெல்லிய டியூப்ப இறுக்கமாச் செருகி, மற்ற நுனிய ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள விடுறது, குமிழ் வாறதப் பாத்துக் கொண்டிருக்கலாம், பிள்ளையளுக்கும் பொழுது போகும். தகர மூடி வேண்டாம். உப்பும் புளிப்பும் சேந்தா எங்கயும் கறள் பிடிக்கும், இங்க வெள்ளவத்தைக் கடற்காத்துக்கு ஜன்னல் கிறிலே மூண்டு வருசத்தில உதிருது, மூடி என்ன செய்யும்? கம்பிக் கிளிப் போத்தல்லயும் கம்பியத் துடைச்சு வையுங்கோ, ரப்பர் வளையம் இறுகிப் போனா மாத்துங்கோ. நல்ல வளையமெண்டா காஸ் கூடேக்க கொஞ்சம் விட்டுக் குடுக்கும், காய்ஞ்சது விடாது.

இன்னொண்டு, காலிமுகத்திடல்ல அச்சாறு விக்கிற ஆக்களப் பாத்துப் போத்தல் தெரிவு செய்யாதீங்கோ. அச்சாறு வினாகிரியில ஊறுறது, தானாப் புளிக்கிறதில்ல, காஸும் பெருசா வராது, அவைக்கு எந்தப் போத்தலும் சரி. பெட்டிக்கடையில டொபி போடுற சரிஞ்ச வாய்ப் போத்தலும் அப்பிடித் தான், பாதிக்கு மேல நிரப்பினா வழியும். சீலைத்துண்டு கட்டி கொம்புச்சா, அது தான் புளிக்க வைக்கிற தேத்தண்ணி, வைக்க மட்டும் ஆகும்.

கோவா தண்ணிக்கு மேல மிதந்தாப் பூஞ்சணம் பிடிக்கும், அதுக்கு மேல பாரம் வைக்கோணும். எங்கட வீட்டில கடற்கரையில பொறுக்கின வெள்ளைக் கல்லு ஒண்ட கழுவி அவிச்சு வச்சம். அது முருகைக்கல்லு, சுண்ணாம்பு தானே, புளிப்புக்க கரைஞ்சு நுரை தள்ளி, புளிப்பையும் குறைச்சுப் போட்டுது. ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் வாய்க்குள்ள போகுதோ எண்டு கடையிலயே பாத்து வேண்டுங்கோ, இல்லாட்டி சாப்பாட்டுக்குப் பாவிக்கிற பைக்குள்ள உப்புத்தண்ணி விட்டுக் கட்டி வையுங்கோ, பை ஓட்டையானாலும் உள்ள போறது உப்புத்தண்ணி தான்.

பழசு வேண்டுறது எனக்குப் பிரச்சினை இல்ல. ஹோட்டல் குசினியில வேலை செய்யிற ஆக்களத் தெரிஞ்சாக் கேளுங்கோ, ஒலிவ், கெர்க்கின் வாற பெரிய போத்தல் சிலவேளை கிடைக்கும், மூடிய மட்டும் எறிஞ்சு புதுசு போடுங்கோ, மணம் மூடியில தான் நிக்கும். ஆனா முன்னுக்கு என்ன இருந்தது எண்டு தெரியாத போத்தல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். அம்மம்மாட சோகேஸ்ல மினுங்கிற கனத்த கிறிஸ்டல் சாடியும் வேண்டாம், பழைய கிறிஸ்டல்ல ஈயம் கலந்திருக்கும், நல்ல ரகமெண்டா ஈய ஒட்சைட்டு 24 வீதமாவது இருக்கும், புளிப்பு அதக் கரைச்சு எடுக்கும். பைப் பூட்டின ஜூஸ் போத்தலுக்கும் அதே கவனம், பைப்புக்கு மேல பூசினது உரிஞ்சு கொம்புச்சாவுக்குள்ள வரும்.

வீட்ட கொண்டு வந்த உடன கொதிதண்ணி ஊத்தாதீங்கோ. சாதாரணக் கண்ணாடி சூட்டுக்கு விரியிற அளவு, அடுப்புக்குப் பாவிக்கிற போரோசிலிக்கேட் கண்ணாடிய விட மூண்டு மடங்குக்குக் கிட்ட, ஒரு பக்கம் திடீரெண்டு விரிஞ்சா அடி கழண்டு விழும். என்ட ரெண்டாவது போத்தல் அப்பிடித் தான் போச்சுது. சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணியும் போட்டுக் கழுவி, கவிட்டு வச்சுக் காய விட்டாக் காணும்.

101 பஸ்ஸில நிண்டு கொண்டு கொண்டு வாறதெண்டா போத்தல துவாயில சுத்தி, சீற்றில இருக்கிற ஆரிட்டயும் மடியில வச்சிருங்கோ எண்டு குடுங்கோ. வந்து கழுவின பிறகு வாய் வரைக்கும் பச்சைத் தண்ணி நிரப்பி, வெளியத் துடைச்சு, பேப்பர் மேல வச்சிட்டுப் படுங்கோ. விடிய பேப்பர் நனைஞ்சிருந்தா பில்லோட திரும்பிப் போங்கோ. பில் வேண்ட மறந்திட்டீங்களெண்டா, பருப்புப் போட்டு வைக்கலாம்.